கேஸ் முடிந்து போவதில்லை

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு வீட்டு வாசலில் அமர்ந்திருந்தேன். எங்கள் தெருவில் வசிக்கும் சகோதரி ஒருவரின் மகன் ஓடி வந்தான். பத்து வயதுப் பிள்ளை. "ஹஸ்ரத், எங்கட வீட்டு ஏ.சி. குளிர் வருதில்ல. பார்க்க வந்தவர் கேஸ் முடிஞ்சி போச்சு, அடிக்கணும் எண்டு சொல்றார். அடிக்கட்டுமா எண்டு உம்மா உங்களிட்டக் கேட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

பிள்ளையின் தந்தை கட்டாரில் தொழில் செய்கிறார். வீட்டில் தாயும் மூன்று பிள்ளைகளும் மூச்சிரைப்பு நோயுள்ள அவர்களது வாப்பும்மாவும் இருக்கிறார்கள். ஏ.சி. பூட்டியிருப்பது அந்த மூதாட்டியின் அறையில்தான்.

மார்க்க விளக்கம் கேட்டு என்னிடம் வருவோர் உண்டு. ஏ.சி. பற்றிக் கேட்டு ஆள் வருவதற்கு என்ன காரணம் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. இதே "கேஸ்" விடயத்தில் பதினான்கு மாதங்களில் மூன்று தடவை பணம் கொடுத்தவன் நான் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். படித்த பாடத்தைப் பகிர்ந்துகொள்வது கடமை என்பதால், இம்மாதம் அதையே எழுதுகிறேன். கணவன்மார் வெளிநாட்டில் இருக்க, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தனியே சுமக்கும் சகோதரிகள் இதைக் கவனமாக வாசிக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

எனக்கு நேர்ந்தது

என் உம்மா பாரிசவாதத்தால் படுக்கையில் இருக்கிறார்கள். கிழக்கின் கரையோரத்தில் ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தை அறிந்தவர்களுக்கு, புரண்டு படுக்க முடியாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய வேதனை என்பதைச் சொல்லத் தேவையில்லை. முதுகில் புண் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. 2023ஆம் ஆண்டு என் தம்பிமார் இருவரும் பணம் சேர்த்து அனுப்ப, உம்மாவின் அறைக்கு 12,000 பீ.டீ.யூ. அளவுள்ள ஓர் ஏ.சி. வாங்கிப் பூட்டினோம். அன்றிரவு உம்மா விடியும்வரை தூங்கினார்கள். நாங்களும் தூங்கினோம்.

அடுத்த வருடம் மார்ச் மாதம் குளிர் குறைந்தது. ஒருவரை அழைத்தோம். அவர் வெளிப்பெட்டியில் ஒரு குழாயைப் பூட்டினார், மீற்றரைப் பார்த்தார், "கேஸ் முடிஞ்சி போச்சு" என்றார், சிலிண்டரைத் திறந்து அடித்தார். குளிர் கொஞ்சம் கூடியது போலிருந்தது. ஆறு மாதத்தில் மீண்டும் அதே கதை. அதன்பின் ஏழு மாதத்தில் மறுபடியும். அடுப்புக்கு வாங்கும் கேஸ் சிலிண்டர் தீர்வதைப் போல இதுவும் தீர்ந்துபோகும் சாமான்தான் என்று நானும் நம்பினேன். மற்றவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். மூன்று தடவையும் கொடுத்த பணத்தைக் கூட்டிப் பார்த்தால் என் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது.

நான்காவது தடவை குளிர் நின்றபோதுதான் என் பழைய மாணவர் ஒருவர் ஊருக்குத் திரும்பியிருப்பதை அறிந்தேன். மத்ரஸாவில் என்னிடம் மூன்று வருடம் ஓதியவர். பின்னர் தொழிற்பயிற்சி பெற்று, டோஹாவில் பதினொரு வருடம் ஏ.சி. திருத்தும் வேலை செய்தவர். செய்தி அனுப்பியதும் வந்துவிட்டார்.

அவர் கேஸ் சிலிண்டரைத் தொடவேயில்லை. முதலில் உள்பெட்டியின் முன்மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழற்றி என் கையில் தந்தார். சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல இருந்தது. "ஹஸ்ரத், இதை எப்பக் கழுவினீங்க?" என்று கேட்டார். கழற்ற முடியும் என்பதே எனக்குத் தெரியாது என்றேன். மாணவருக்கு முன்னால் ஆசிரியர் தலைகுனிந்த நாள் அது.

பின்னர் வெளிப்பெட்டியைக் காட்டினார். கேஸ் அடிக்கும் வாய்க்கு ஒரு சிறிய பித்தளை மூடி இருக்கவேண்டும். அது இல்லை. அந்த இடத்தைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்திருந்தது. சவர்க்கார நுரையைப் பூசினார். சிறு குமிழிகள் மெல்ல மெல்ல எழுந்தன.

அவர் விளக்கியபோதுதான் முழுக்கதையும் புரிந்தது. முதல் தடவை குளிர் குறைந்ததற்குப் பெரும்பாலும் தூசியே காரணம். கேஸ் சரியாகத்தான் இருந்திருக்கும். தேவையில்லாமல் வாயைத் திறந்து கேஸ் அடித்ததில் உள்ளே இருக்கும் சிறு வால்வு சரியாக மூடாமல் போயிற்று, மூடியும் போடப்படவில்லை. அதன் பிறகு கேஸ் உண்மையாகவே கசிந்தது. ஆக, இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்தே பின்னர் நோயாகிவிட்டது.

குளிர் எப்படி வருகிறது?

இந்தத் தவறான எண்ணம் நீங்க, சாதனம் செய்யும் வேலையை விளங்கிக்கொள்ள வேண்டும்.

வுழூச் செய்த கையில் காற்றுப் பட்டால் குளிர்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது கையிலுள்ள வெப்பத்தையும் எடுத்துச் செல்வதே காரணம். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். ஏ.சி.யிலும் இதுவே நடக்கிறது. உள்பெட்டியின் குழாய்களில் கேஸ் கொதித்து ஆவியாகி அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. இப்போது அதிகம் பாவிக்கப்படும் ஆர்-32 என்ற கேஸ் சாதாரண வளியமுக்கத்தில் பூச்சியத்துக்குக் கீழே 52 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அந்த ஆவியை வெளிப்பெட்டியிலுள்ள கொம்ப்ரசர் அழுத்துகிறது. அழுத்தப்பட்ட கேஸ், சுமந்துவந்த வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு மீண்டும் திரவமாகி உள்ளே போகிறது. வெளிப்பெட்டியிலிருந்து சூடான காற்று வருவது இதனால்தான்.

கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பம்தான் தண்ணீர், கேஸ் என்பது வாளி. ஆயிரம் தடவை இறைத்தாலும் வாளி குறைந்து போவதில்லை. அடுப்புக் கேஸ் எரிந்து தீர்கிறது, ஏ.சி. கேஸ் எரிவதில்லை. செப்புக் குழாய்க்குள் அடைபட்டுச் சுற்றிச் சுற்றி வருகிறது. பத்து வருடம் சென்றாலும் கசிவு இல்லாவிட்டால் அதன் அளவு குறையாது. ஆகவே "கேஸ் குறைந்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், "எங்கே கசிகிறது?" என்பதே நாம் கேட்கவேண்டிய அடுத்த கேள்வி.

ஏ.சி. இன்னொரு வேலையும் செய்கிறது. 1902இல் அமெரிக்காவின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரப்பதனால் காகிதம் விரிந்து சுருங்கி நிறங்கள் பொருந்தாமல் போவதைத் தடுக்கவே வில்லிஸ் கேரியர் என்பவர் இத்தகைய சாதனத்தை வடிவமைத்தார். காற்றின் ஈரத்தை எடுப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. நம் அறையிலிருந்து சிறு குழாய் வழியாகச் சொட்டும் தண்ணீர் அந்த ஈரமே. அது வடிவது கோளாறல்ல. நம் கரையோரப் புழுக்கத்தில் அது வடியாவிட்டால்தான் யோசிக்கவேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

பின்வருபவற்றுக்கு எவரையும் அழைக்கத் தேவையில்லை.

1. றிமோட்டைப் பாருங்கள். "குளிரவில்லை" என்று வரும் அழைப்புகளில் சிலவற்றை இந்த ஒரு விடயத்தாலேயே முடித்துவிட்டதாக என் மாணவர் சிரித்துக்கொண்டு சொன்னார். பிள்ளைகள் பொத்தானை மாற்றி அழுத்தியிருப்பார்கள். பனிப்பூ அடையாளம் இருந்தால்தான் குளிர் வரும். விசிறி அடையாளம் இருந்தால் வெறும் காற்று மட்டுமே வரும்.

2. வடிகட்டியைக் கழுவுங்கள். முதலில் சுவிட்சை நிறுத்துங்கள். முன்மூடியைத் தூக்கி, வலைபோன்ற வடிகட்டியை மெதுவாக இழுத்தெடுங்கள். தூசி படிந்த பக்கத்துக்கு மறுபக்கத்திலிருந்து தண்ணீர் விட்டால் தூசி இலகுவாகக் கழன்றுவிடும். மென்மையான தூரிகையும் சிறிது சவர்க்காரமும் போதும், சுடுதண்ணீர் வேண்டாம். வெயிலில் போட்டால் வளைந்துவிடும். நிழலில் காயவைத்து, ஈரம் முற்றாகப் போன பின்னர் மாட்டுங்கள். தினமும் பாவிக்கும் அறையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. எங்கள் வீட்டில் ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில் என் இளைய மகள் இதைச் செய்கிறாள்.

3. வெளிப்பெட்டிக்கு மூச்சு விட இடம் கொடுங்கள். அதைச் சுற்றிப் பழைய சாமான்களை அடுக்குவதும், அதன் மேல் உடுப்புக் காயப்போடுவதும் கூடாது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். மின்சாரத்தை முற்றாக நிறுத்திவிட்டு, அந்தத் தகடுகளின் மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினால் உப்புப் போகும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றோட்டம் அடைபடும். கையால் தேய்க்கவேண்டாம், அவை பிளேட் போல வெட்டும்.

4. உள்ளே தண்ணீர் சொட்டினால், பெரும்பாலும் வடிகுழாயில் அழுக்கு அடைத்திருக்கும். குழாயின் வெளிமுனை மண்ணுக்குள்ளோ வாளித் தண்ணீருக்குள்ளோ அமிழ்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

5. உள்பெட்டியில் பனிக்கட்டி பிடித்தால், குளிர் அதிகம் என்று மகிழவேண்டாம். அழுக்கினால் காற்றோட்டம் குறைந்திருக்கலாம். அல்லது கேஸ் குறைந்திருக்கலாம். நிறுத்திக் கரையவிடுங்கள். வடிகட்டியைக் கழுவிய பின்னும் பனி பிடித்தால் மெக்கானிக்கை அழையுங்கள்.

6. மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வந்தால் உடனே போடாதீர்கள். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அழுத்தம் சமப்படுமுன் கொம்ப்ரசரை ஓடவைப்பது அதற்குப் பாரம். மூன்று நான்கு நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

குளிர் உண்மையில் குறைந்துவிட்டதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. வடிகட்டியைக் கழுவி மாட்டி, றிமோட்டில் ஆகக் குறைந்த பாகையை வைத்து, 15 நிமிடம் ஓடவிடுங்கள். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானியால், மேலே காற்று உள்ளே போகும் இடத்திலும் கீழே குளிர்காற்று வரும் இடத்திலும் பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 பாகை வரை இருந்தால் பெரும்பாலும் சாதனம் நன்றாகத்தான் இருக்கிறது. அறைக் கதவு திறந்திருக்கிறதா, வெயில் நேரே விழுகிறதா என்று பாருங்கள். அளந்தபின் றிமோட்டை மீண்டும் 26 பாகையில் வையுங்கள். தூங்குவதற்கு அது போதும், மின்பட்டியலும் குறையும்.

கை வைக்கக்கூடாதவை

வெளிப்பெட்டியின் பக்கமூடியைத் திறக்கவேண்டாம். அதற்குள் கெபாசிட்டர் என்ற சிறு உருளை இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அது மின்னைத் தன்னுள் தேக்கி வைத்திருக்கும், தொட்டால் ஆபத்து. வெளிப்பெட்டி "ம்ம்" என்று முனகிவிட்டு நின்றுவிடுமானால், பல நேரங்களில் பழுதாகியிருப்பது இந்தக் கெபாசிட்டர்தான். விலை குறைந்த சாமான். ஆனால் மாற்றவேண்டியது தெரிந்தவர். சாதனத்தைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் மீண்டும் மீண்டும் தூக்கிவிடாதீர்கள், அது எச்சரிக்கை.

உள்ளே குழாய்த் தகடுகளில் படிந்த அழுக்கையும் பூஞ்சணத்தையும் கழுவ வருடத்துக்கு ஒரு தடவையாவது, அதிகம் பாவிப்போர் இரண்டு தடவை, முழுச் சேர்விஸ் செய்விப்பது நல்லது. மூச்சிரைப்பு உள்ளவர்களின் அறையென்றால் இதில் தவணை தவறக்கூடாது.

கேஸ் அடிக்கச் சம்மதிக்கும் முன்

மெக்கானிக் வரும்போது வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் சகோதரனையோ மச்சானையோ அழைத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மரியாதையாக இவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, "அழுக்கு எல்லாம் கழுவியாச்சா?" அழுக்கோடு மீற்றரைப் பார்த்தால் அது தவறான கணக்கைக் காட்டும்.

இரண்டாவது, "கசிவு எங்கே இருக்கிறது, எனக்குக் காட்டுங்கள்." நுரையில் குமிழி எழுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

மூன்றாவது, "கசிவை அடைத்த பின் நைதரசன் வாயுவை ஏற்றிச் சோதிப்பீர்களா?" அழுத்தம் இறங்காமல் நின்றால்தான் அடைப்புச் சரி.

நான்காவது, "வெக்யூம் பம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா?" குழாய்க்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் பம்பினால் உறிஞ்சி எடுத்த பின்னரே புதுக் கேஸ் போகவேண்டும். ஈரம் உள்ளே நின்றால் கொம்ப்ரசரின் ஆயுள் குறையும்.

ஐந்தாவது, "தராசு இருக்கிறதா?" எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது சாதனத்தில் ஒட்டிய தகட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். அந்த நிறைக்கு நிறுத்தே போடவேண்டும். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. வேறு வகைக் கேஸைப் போடவே கூடாது. ஆர்-32 தீப்பற்றக்கூடியது, ஆர்-290 அதைவிட எளிதில் தீப்பற்றும். வேலை நடக்கும்போது யன்னல்களைத் திறந்து வையுங்கள். சிகரட்டோ நுளம்புத்திரியோ அருகில் இருக்கக்கூடாது.

கடைசியாக, பித்தளை மூடி இறுக்கிப் பூட்டப்பட்டதா என்று நீங்களே பாருங்கள்.

கசிவது நம் பணம் மட்டுமல்ல. பழைய சாதனங்களிலுள்ள ஆர்-22 வானிலுள்ள ஓசோன் படையைக் கெடுக்கிறது. 1987இல் உருவான மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989இல் சேர்ந்தது; நம்மைப் போன்ற நாடுகள் இந்த வகைக் கேஸின் பாவனையை 2030ஆம் ஆண்டுக்குள் ஏறக்குறைய முற்றாக நிறுத்தவேண்டும். ஆர்-32 ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனாலும் நூறாண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டை விட 675 மடங்கு பூமியைச் சூடாக்குகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் அடிப்பது, வானத்தில் கொட்டுவதற்காக விலைகொடுத்து வாங்குவதாகும். வீண்விரயத்துக்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

குற்றம் யாருடையது?

என் மாணவர் எங்கள் வீட்டு ஏ.சி.யில் எஞ்சியிருந்த கேஸை வாங்கி நிறுத்துக் காட்டினார். தகட்டில் 700 கிராம். இருந்தது 400 கிராமும் இல்லை. வால்வை மாற்றி, சோதித்து, வெக்யூம் போட்டு, தராசில் வைத்து 700 கிராமைச் சரியாக ஏற்றினார். "அளவையிலும் நிறுவையிலும் நேர்மை எண்டு நீங்க படிப்பிச்சதுதான் ஹஸ்ரத்" என்றார்.

முன்னர் வந்தவரைப் பற்றி நான் கோபமாகக் கதைக்கத் தொடங்கினேன். அவர் தடுத்தார். "அவர் ஏமாத்தினார் எண்டு சொல்ல ஏலாது. அவருக்குப் பழக்கின ஆளும் அப்படித்தான் செய்திருப்பார். அதோட ஹஸ்ரத், நான் ஒரு வீட்டுக்குப் போய் ஒரு மணித்தியாலம் பார்த்து, 'ஒண்டும் பழுதில்ல, ஊத்தைதான்' எண்டு கழுவிக் குடுத்தா, 'இதுக்கா காசு?' எண்டு கேக்கிறாங்க. கேஸ் அடிச்சன் எண்டு சொன்னா ஒரு பேச்சும் இல்லாமத் தாறாங்க. பிறகு தொழில் செய்றவன் என்ன சொல்லப் பழகுவான்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. உண்மை சொன்னவனுக்குக் கூலி மறுத்து, சிலிண்டரைத் திறந்தவனுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் நாம்தாமே? நேர்மையான தொழிலாளி வேண்டுமென்றால், நேர்மைக்குக் கூலி கொடுக்கவும் நாம் தயாராக இருக்கவேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நானும் மனைவியும் அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனோம். வந்திருந்தவர் இருபது வயதுக்குச் சற்றுக் கூடிய இளைஞர். "தம்பி, கேஸ் அடிக்கிறதுக்கு முன்னுக்கு இந்த வடிகட்டியக் கழட்டிப் பார்ப்பமா?" என்றேன். கழற்றினார். நான் அன்று என் கையில் வாங்கிய அதே கம்பளி. கழுவி, உள்தகடுகளையும் அவர் சுத்தம் செய்து முடிக்க மஃரிபுக்கு நேரம் நெருங்கிவிட்டது. குளிர் வந்தது. வெப்பமானியில் பத்துப் பாகை வித்தியாசம். வாப்பும்மா கட்டிலில் இருந்தவாறே, "போதும் மகன், கொஞ்சம் குறைங்க" என்றார்கள்.

இளைஞர் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு, "கேஸ் அடிக்கல்லதானே, காசு வேணாம்" என்று புறப்பட்டார். அந்தச் சகோதரி விடவில்லை. முழுச் சேர்விஸுக்குரிய கூலியைக் கணக்காகக் கொடுத்தார். அடுத்த தவணைக்கும் அவரையே வரச் சொல்லியிருக்கிறார்.